களஞ்சியமும் களரியும்

நெல்லைக் காத்து வைக்கும் இடம் களஞ்சியம். கூத்து நிகழும் இடம் களரி. முன்னது சேர்ப்பது, பின்னது செலவிடுவது. இரவில் மத்தள ஒலியோடு தொடங்கும் கூத்து, விடியலோடு முடிந்துபோகின்றது. மறுநாட் களரியில் எஞ்சுவன காற்சுவடுகளே. இசையும் நாடகமும் இவ்வாறு நிகழும் பொழுதில் வாழ்ந்து, நிகழ்ந்தவுடன் மறையும் கலைகளாதலின், அவற்றைச் சொல்லில் வடித்து, அகர வரிசையில் அடுக்கி, எவரும் எடுத்தாளத்தக்க அறிவுக் களஞ்சியமாக்குதல் அரிய செயலாகும். அச்செயலைச் செய்தோர் யாவர்? அவர்தம் களஞ்சியத்துள் எவர் கலை புகுந்தது? எவர் கலை வாயிலிலே நின்றது? இவ்வினாக்களை வரலாற்று முறையில் ஆராய்தலே எமது நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தேவை எழுந்துளது. இணையத்தில் வளர்ந்துவரும் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்திலே, ஊதியம் எதிர்பாராத தொண்டர் பலர் கூடி, இசைநாடகங்களையும் பாடகரையும் வாத்தியங்களையும் அரங்குகளையும் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியுள்ளனர், எழுதியும் வருகின்றனர். துறைபோகிய பண்டிதர் எழுதவேண்டியதை வழிப்போக்கர் எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் எம்மவரிடையேயும் உளர். இதனை ஒரு புதிய அத்துமீறல் என்று அவர் கருதுகின்றனர். கலைக்களஞ்சியங்களின் வரலாற்றைச் சிறிதேனும் புரட்டிப் பார்ப்போருக்கு அக்கருத்து நிலைபெறாது.

1728 ஆம் ஆண்டில் எப்ரெயிம் சேம்பர்ஸ் என்பார் இலண்டனில் இரண்டு தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். அதனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து விற்றால் ஆதாயம் உண்டு என்று பாரிஸ் நகரப் புத்தக வணிகர் சிலர் கருதினர். வணிக நோக்கில் தொடங்கிய அம்முயற்சி, 1747 இல் டிடெரோ, டலம்பேர் ஆகிய இருவர் கைக்கு வந்ததும் உருமாறியது. மொழிபெயர்ப்பு என்ற எண்ணம் கைவிடப்பட்டது. முதற்றொகுதி 1751 இல் வெளிவந்தது. 1765 அளவில் எழுத்துத் தொகுதிகள் பதினேழும், 1772 அளவில் படத் தொகுதிகள் பதினொன்றும் நிறைவுற்றன. ஏறத்தாழ 72,000 கட்டுரைகள் கொண்ட அப்பெருநூலை எழுதியோருள் இன்று அடையாளம் காணப்பட்டவர் 140 பேருக்கு மேலாவர். அவர்களுள் ஷோகூர் என்பவர் ஒருவரே ஏறத்தாழ 17,000 கட்டுரைகளை எழுதினார். அவர் ஊதியம் பெறாதது மட்டுமன்று. தமக்கு உதவிய எழுத்தாளருக்குச் சம்பளம் கொடுப்பதற்காகத் தமது வீட்டையே விற்றார். அதனை வாங்கியவர் அக்களஞ்சியத்தை அச்சிட்டு இலாபம் ஈட்டிய லெ பிரத்தோனே. தொண்டனின் வீடு வணிகனின் உடைமையாயிற்று என்பதனை இங்கு மனத்திருத்துதல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

அக்களஞ்சியத்தில் இசையைப் பற்றி எழுதியவர் யார்? இசைக் கழகத்துப் பேராசிரியர் எவருமல்லர். ஜெனீவாவில் ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, இசையைப் பெரும்பாலும் தாமாகவே கற்று, பிற்காலத்தில் இசைப்படிகளைக் கையால் எழுதிக் கொடுத்து வயிறு வளர்த்த ரூசோவே அவர். 1749 இன் தொடக்கத்தில், மூன்றே மாத அவகாசத்தில், ஏறத்தாழ நானூறு கட்டுரைகளை அவர் எழுதி முடித்தார். வேகம் மிகுந்தவிடத்துப் பிழையும் மிகும். அக்காலத்துப் பிரான்சின் தலைசிறந்த இசைப்புலவரான ராமோ, 1755 இல், களஞ்சியத்து இசைக் கட்டுரைகளின் பிழைகளை எடுத்துக்காட்டி ஒரு தனி நூலே வெளியிட்டார். சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இசைவே இசைக்கு அடிப்படை என்பது ராமோவின் கொள்கை. மனித குரலிற் பிறக்கும் மெட்டே உயிர் என்பது ரூசோவின் கொள்கை. ஆகவே பிழை திருத்தமாகத் தொடங்கியது கொள்கைப் போராகவும் வளர்ந்தது. ஆயினும் ரூசோ தம் கட்டுரைகளின் குறைகளை உணர்ந்திருந்தார். பல்லாண்டு உழைத்து அவற்றைத் திருத்தியும் விரித்தும் 1768 இல் தனி இசை அகராதியாக வெளியிட்டார். பலர் அறிய எழுதுதல், பலர் அறியப் பிழை காட்டப்படுதல், பின்னர் திருத்துதல் என்னும் இம்முறையினை இணையத் தொண்டர் கண்டுபிடித்ததாக எண்ணுவோர், இருநூற்றைம்பது ஆண்டு முற்பட்ட இந்நிகழ்ச்சியை மறந்தோராவர்.

நாடகத்தின் கதை இன்னும் பாரதூரமானது. அக்காலப் பிரான்சில் நடிகர் திருச்சபையால் விலக்கப்பட்டவர். பாரிஸ் அரங்கின் புகழ்பெற்ற நடிகையான அத்ரியன் லெக்கூவ்றேர் 1730 இல் இறந்தபோது அவருக்குக் கிறிஸ்தவ முறைப்படியான அடக்கம் மறுக்கப்பட்டது. கைதட்டி மகிழ்ந்த சமுதாயமே கல்லறைக்கு இடம் தர மறுத்தது. கூத்தாடி என்ற சொல்லை வசைச் சொல்லாக்கிய எமது சமுதாயத்துக்கு இது விளங்காததன்று. 1757 இல் வெளிவந்த ஏழாந் தொகுதியில் ஜெனீவா நகரைப் பற்றி எழுதிய டலம்பேர், நாடகத்தைத் தடைசெய்திருந்த அந்நகரம் அதனை அனுமதித்தல் நன்று என்றும், நடிகரிடம் காணப்படும் ஒழுக்கக்கேட்டுக்கு அவர்மீது சமுதாயம் சுமத்திய இழிவும் ஒரு காரணம் என்றும் வாதிட்டார். ஒரு நகரைப் பற்றிய கட்டுரை நாடகத்தின் உரிமைக் குரலாயிற்று. ரூசோ 1758 இல் அதற்கு மறுப்பு எழுதினார். செல்வர் இருட்டறையில் அமர்ந்து பார்க்கும் அரங்கினை அவர் வெறுத்தார். திறந்த வெளியிலே மக்கள் கூடி, பார்ப்போரும் ஆடுவோரும் ஒருவரேயாகும் விழாக்களே குடியரசுக்கு ஏற்றவை என்றார். அவர் நடிகரைப் பற்றிக் கூறிய கடுமொழிகளை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் ஊரார் கூடி நிற்க நடுவே ஆடும் எமது வட்டக்களரியை அவர் கண்டிருப்பின் மனம் மாறியிருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

1759 இல் அரசு களஞ்சியத்தின் உரிமத்தைப் பறித்தது. டலம்பேர் விலகினார். டிடெரோ மறைவாக உழைத்தார். அவ்வுழைப்பின் இறுதிக் கட்டத்தில், 1764 இல், அரசுக்கு அஞ்சிய அச்சக உரிமையாளர் லெ பிரத்தோன் கட்டுரைகளைத் தமக்குத் தெரியாமலே வெட்டிச் சிதைத்திருந்தமையைக் கண்டு அவர் மனங்கொதித்தார். இவ்வளவு இன்னலுக்கிடையே வெளிவந்த படத் தொகுதிகளிலே வயலின் செய்வோரின் பட்டறையும் கருவிகளும், அரங்கின் மேலும் கீழும் இயங்கும் பொறிகளும் நுணுக்கமாக வரையப்பட்டன. உழைப்போரின் கைத்திறன் அறிவு என மதிக்கப்பட்டமை உலக வரலாற்றிலே பெரு நிகழ்ச்சியாகும். எனினும் அந்நூலின் முழு விலை 980 லீவராக உயர்ந்தது. தொழிலாளியின் உளி அதிற் படமாயிற்று. அத்தொழிலாளியால் அந்நூலை வாங்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இத்தகைய ஆர்வலரே இப்பணியை மேற்கொண்டனர். ஜோர்ஜ் குரோவ், கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியியலாளர். 1867 இல் இசையமைப்பாளர் ஆதர் சலிவனுடன் வியன்னா சென்று, சூபேர்ட்டின் மறக்கப்பட்ட இசைப்படிகளைத் தூசு படிந்த அலுமாரியிலிருந்து எடுத்து, நள்ளிரவு கடந்தும் இருந்து படியெடுத்தவர். அவர் 118 பேரின் உதவியோடு 1879 முதல் 1889 வரை வெளியிட்ட இசை அகராதி, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1980 இல் இருபது தொகுதிகளாகவும் 2001 இல் இருபத்தொன்பது தொகுதிகளாகவும் வளர்ந்த அது, இணையத்திற்கும் வந்துவிட்டது. ஆயினும் பெரும்பாலும் சந்தா செலுத்தியே அதனுட் புகலாம். யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலை மாணவனுக்கு அக்கதவு திறவாது.

தமிழிலும் களஞ்சியப் பணி ஆர்வலராலேயே தொடங்கிற்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910 இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. அதன் முதன்மை ஆசிரியர் பெ. தூரன் தாமே கீர்த்தனைகள் இயற்றியவர். இசை ஆராய்ச்சியிலே தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917 இலும், காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947 இலும் வெளிவந்தன. பண்டிதர் மருத்துவர், அடிகள் முதலில் விஞ்ஞானம் கற்பித்தவர். துறைக்கு வெளியே நின்றோரின் காதலே துறையை வளர்த்தமைக்கு இவை சான்று.

இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே இணையக் களஞ்சியத்தை நோக்குதல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நியூபீடியா என்னும் களஞ்சியம் அறிஞர்களையே நம்பியிருந்தது. ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிகளைக் கடந்தே வெளிவருதல் வேண்டும் என்பது அதன் விதி. அதில் முதன்முதல் ஏற்கப்பட்ட கட்டுரை, ஆதார சுரத்தை விட்டு நீங்கிய இருபதாம் நூற்றாண்டு மேனாட்டு இசையைப் பற்றி ஓர் இசையறிஞர் எழுதியதாகும். கட்டுரை நன்று, முறைதான் நகரவில்லை. 2003 இல் அது மூடப்படும்வரை முடிவுற்ற கட்டுரைகள் முப்பதை எட்டவில்லை. 2001 ஜனவரி 15 ஆம் நாள் அதற்குத் துணையாகத் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவோ, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. முதலாண்டு முடியுமுன் கட்டுரைகள் பதினையாயிரத்தைத் தாண்டின. துணையாக வந்ததே முதலை விழுங்கிற்று.

அங்கு நிகழும் வேலைமுறையை அறியாதோரே அதனை ஒழுங்கற்ற கூட்டம் என்பர். முன்னர்க் குறிப்பிட்ட சலிவன், கில்பேர்ட் என்னும் கவிஞரோடு சேர்ந்து 1871 முதல் 1896 வரை படைத்த இசைநாடகங்கள் பதினான்கு. அவற்றுக்கென்றே ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு தொண்டர் குழு உண்டு. ஒருவர் முதலரங்கேற்ற நாளைப் பழைய பத்திரிகைகளில் தேடுவார். ஒருவர் கதைச் சுருக்கம் எழுதுவார். மற்றொருவர் நடிகர் பட்டியலைச் சரிபார்ப்பார். வேறொருவர் மொழியைச் செப்பனிடுவார். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே ஓர் உரையாடற் பக்கமும், யார் எப்பொழுது எதனை மாற்றினார் என்பதைக் காட்டும் வரலாற்றுப் பக்கமும் உள. லெ பிரத்தோன் மறைவாக வெட்டியதுபோல் இங்கே வெட்டினால், வெட்டுண்ட இடம் எவருக்கும் புலப்படும்.

பூசலும் இல்லாமலில்லை. கட்டுரையின் தலைப்பக்கத்தில் பிறப்பு, இறப்பு, தொழில் முதலியவற்றை ஒரு சிறு பெட்டியில் இடுவது பல துறைகளில் வழக்கம். இசையமைப்பாளரைப் பற்றிய கட்டுரைகளிலும் இப்பெட்டி வேண்டுமா என்பது பற்றி இசை ஆர்வலரிடையே நெடும்போர் மூண்டது. ஒரு கலைஞனின் வாழ்வைப் பெட்டிக்குள் அடைத்தால் அது பொய்யாகிவிடும் என்றனர் ஒருசாரார். விரைந்து அறிய வருவோருக்கு அது உதவும் என்றனர் மறுசாரார். 2013 இல் அவர்களே தேர்ந்தெடுத்த நடுவர் குழுவரை அவ்வழக்குச் சென்றது. பெட்டி கட்டாயமுமன்று, விலக்குமன்று. கட்டுரைதோறும் பேசி முடிவு செய்க என்பதே விதியாக நின்றது. அற்பப் பூசல் என்று நகைப்போர் நகைக்கட்டும். ராமோவும் ரூசோவும் மோதியபோதும் அறிவை எவ்வாறு அடுக்குவது என்னும் வினா அதனுட் கிடந்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தோன்றியது. அதன் தொடக்க காலத்துப் பெரும்பணியை ஆற்றியவர், யாழ்ப்பாணத்தில் தோன்றி வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராகத் தொழில்புரிந்த இ. மயூரநாதன். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017 இல் அக்களஞ்சியம் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. ஈழத்து நாட்டுக் கூத்து, வடமோடி, தென்மோடி, காத்தவராயன் கூத்து, பறை, தவில் என்றெல்லாம் இன்று அதிற் படிக்கலாம். பரீட்சைக்கு முந்திய இரவில் மாணவன் ஒருவன் காசின்றி அவற்றைப் படிக்கின்றான் என்றால், 980 லீவர் விலையிட்ட மதில் இடிந்தது என்பதே பொருள்.

ஆனால் மதில் முழுவதும் இடிந்துவிட்டதா? இங்கேதான் எம் நெஞ்சை உறுத்தும் வினா எழுகின்றது.

விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளுள் ஒன்று, ஏற்கெனவே நம்பகமான வெளியீடொன்றில் வந்த செய்தியையே எழுதுதல் வேண்டும் என்பது. தன் ஆராய்ச்சியைத் தானே அங்கு முதன்முதல் வெளியிடல் ஆகாது. விதி நியாயமானதே. அது இல்லையேல், ஒவ்வொரு சாதிப் பெருமையும் ஊர்ப் பெருமையும் வரலாறென்று வேடங்கட்டி வந்துவிடும். எனினும் அச்சேறியதே சான்று எனின், அச்சேறாதவன் நிலை யாது? படுவான்கரைக் கிராமத்திலே நாற்பது ஆண்டு கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தாளக்கட்டு அவர் நாவில் உண்டு. ஆட்டமுறை அவர் காலில் உண்டு. கொப்பியோ அவர் வீட்டுப் பெட்டியில் உண்டு. அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. தொண்டனொருவன் அன்புடன் அவரைப் பற்றி எழுதினால், சான்று யாது என்ற வினாவுக்கு அவனிடம் விடை இராது. கட்டுரை நீங்கும். அண்ணாவியாரின் ஆட்டத்தை ஆயிரம் பேர் கண்டனர் என்பது சான்றாகாது.

அச்சு என்றும் நடுநிலையாக இருந்ததில்லை. கொடையாளரின் பெயர் மலர்களில் அச்சேறியது. கொட்டிய பறையனின் பெயர் ஏறவில்லை. தேயிலை எத்தனை இறாத்தல் என்று எழுதிய தோட்டக் கணக்கேடுகளிலே, காமன் கூத்திற் பாடியவன் குரலுக்கு இடமிருக்கவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்களின் பெயரை எவர் கேட்டார்? எழுதும் தொண்டரிலும் பெரும்பான்மையோர் ஆண்களே என்பதை விக்கிப்பீடியாவைப் பேணும் நிறுவனத்தின் கணக்கெடுப்புகளே காட்டின. எழுதியிருந்தவையும் எமக்கு முழுதாக எஞ்சவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. சான்று கேட்கும் விதி, சான்று எரிக்கப்பட்ட மக்கள்மீது இருமடங்கு பாரமாகின்றது.

இக்குறையை வேறு நாட்டினரும் உணர்ந்தனர். 2011 இல் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும், மலையாளம், இந்தி, செப்பெடி ஆகிய மொழிகளைச் சார்ந்து ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. ஊர்ப் பெரியோரின் பேச்சைப் பதிவு செய்து அவ்வொலிப்பதிவையே சான்றாக வைத்துக் கட்டுரை எழுத முயன்றனர். கருத்து உயர்ந்தது, ஆயினும் பொதுவிதியாக அது ஏற்கப்படவில்லை.

ஆகவே செய்யத்தக்கது யாது? விதியைத் தூற்றிக்கொண்டிருத்தல் பயன்தராது. சான்றில்லை என்றால் சான்றினைப் படைத்தல் எம் கடன். இதற்கு முன்மாதிரி எம் நாட்டிலேயே உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கர்ணன் போர் முதலான கூத்துக்களை மேடையேற்றியதோடு அமையாது, அலங்கார ரூபன் நாடகத்தை 1962 இலும், கத்தோலிக்க மரபைச் சேர்ந்த என்றிக் எம்பரதோர் நாடகத்தை 1964 இலும் பதிப்பித்தார். கலையரசு சொர்ணலிங்கம் தம் அரங்க வாழ்வை 1968 இல் நூலாக்கினார். பேராசிரியர் சி. மௌனகுருவின் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் என்னும் ஆய்வு 1998 இல் நூலாயிற்று. 2005 முதல் நூலகம் என்னும் தொண்டர் அமைப்பு ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து எவரும் படிக்கத் தருகின்றது. இணையக் களஞ்சியத்தில் எம் கூத்தைப் பற்றி ஒரு கட்டுரை நிலைத்து நிற்கின்றதெனின், அதனைத் தாங்கும் தூண்கள் இத்தகையோரின் உழைப்பேயாகும். மயான காண்டத்தால் மக்கள் நெஞ்சில் வாழ்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவையும், தவில் மேதை தெட்சணாமூர்த்தியையும் இன்று அங்கே காண முடிவது, அவர்களைப் பற்றி யாரோ எப்பொழுதோ எழுதி வைத்தமையாலேயே.

எனவே தமிழாசிரியர்க்கும் இளைஞர்க்கும் யாம் கூறுவது இது. ஊர்தோறும் அண்ணாவியாரிடம் செல்க. அவர் இசைவைப் பெற்று, கூத்துக் கொப்பியைப் படியெடுக்க. மத்தளக்காரர், பிற்பாட்டுக்காரர், ஒப்பனை செய்தவர், களரி கட்டியவர் ஆகிய யாவர் பெயரையும் விடாது எழுதுக. பாடசாலை இதழாயினும் பிரதேச மலராயினும் பிழையறப் பதிப்பித்து, நூலகங்களுக்கு ஒரு படி சேர்ப்பிக்க. எல்லா மலர்களும் ஒரே தரத்துச் சான்றாகா என்பது மெய்யே. ஆயினும் நாள், இடம், பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்து எழுதிய ஒரு சிறு மலர், பின்னர் வரும் ஆராய்ச்சி நூலுக்கு வித்தாகும். அந்நூல் களஞ்சியக் கட்டுரைக்குத் தூணாகும்.

இன்னொன்றும் கூறவேண்டும். ஷோகூரின் வீட்டை வாங்கியவன் வரலாற்றிலிருந்து மறைந்துவிடவில்லை. தொண்டர் காசின்றி எழுதியவற்றைப் பெரு நிறுவனங்கள் தம் தேடற்பொறிகளுக்கும் அறிவுப்பொறிகளுக்கும் தீனியாக்கிப் பொருளீட்டுகின்றன. பெருமளவில் எடுத்தாள்வோருக்குக் கட்டணத்துடன் சேவை வழங்கும் ஏற்பாடு ஒன்றினை 2021 இல் களஞ்சியத்தைப் பேணும் நிறுவனமே அறிவித்தது. எடுத்தாள்வோர் மூலத்தைக் குறிப்பிடல் வேண்டும். மாற்றி வெளியிடின் அதனையும் அதே உரிமையோடு பிறர்க்குத் தரல் வேண்டும் என்பது அங்குள்ள உரிமவிதி. அவ்விதியைக் காத்தல் தொண்டரின் உழைப்பைக் காத்தலாகும். அண்ணாவியாரின் பாட்டை எழுதிக்கொண்டு அவர் பெயரை மறைப்போனுக்கும், தொண்டரின் எழுத்தை எடுத்துக்கொண்டு மூலத்தை மறைக்கும் நிறுவனத்துக்கும் அளவிலன்றி இயல்பில் வேறுபாடு இல்லை.

கூத்து ஒருவர் கலையன்று. ஏட்டண்ணாவியார் பாட்டுச் சொல்லித்தர, மத்தளம் தாளம் கொடுக்க, கூத்தர் ஆட, ஊரார் செலவைப் பங்கிட, ஒரு பருவம் முழுதும் உழைத்தே ஓர் இரவு அரங்கேறுகின்றது. கூடி உழைக்கும் கலையைக் கூடி உழைத்தே எழுதுதல் பொருத்தமுடையது. களரியில் ஆடியோரை வாயிலில் நிறுத்திவிட்டுக் களஞ்சியத்தை நிரப்பினால், அது பிறர் விளைத்த நெல்லைப் பூட்டி வைப்பதாகவே முடியும். விளைத்தவன் பெயர் முதற்பக்கத்தில் ஏறும் நாளே அது மக்கள் களஞ்சியமாகும்.